மான் போட்ட காசு

தங்கச்சி சண்டைக்கு வருகிறாள் என்றால் மற்ற அண்ணன்மார் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்காவது நழுவிவிடுவார்கள். கேரள எல்லைக்குள் இருக்கிற எருத்தேன்பதி மோகனசுந்தரம் அந்த ரகமில்லை. விடிந்ததும் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார், ஒட்டடை அடித்தார், கொள்ளுப் பருப்பை வேகப் போட்டார், பரணில் கிடந்த நல்ல பாயை உதறி விரித்தார். மாப்பிள்ளை வீடு பார்க்க வரும் ஒறம்பரைச் சனத்துக்குக்கூட இவ்வளவு தடபுடல் செய்ய மாட்டார்கள். அப்படி ஒரு ஒறம்பரை அவர் வாசலுக்கு வந்ததே இல்லை என்பது வேறு கதை.

அந்தக் கதையும் பெரிசில்லை, இங்கேயே சொல்லிவிடலாம். தோட்டம் உண்டு, தென்னை உண்டு, கிணற்றில் தண்ணீர் உண்டு, கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. ஆனால் மாப்பிள்ளை கம்பெனி வேலையில் இல்லை. தோட்டத்தில் இருக்கிறவனுக்கு எங்கள் பக்கம் பெண் கொடுக்க யோசிக்கிற காலம் அப்போதே வந்துவிட்டது. நாற்பது வயது வரை ஜாதகம் ஊர் ஊராகச் சுற்றியது, அப்புறம் சாமி படத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அப்பா காலத்துக்குப் பிறகு அம்மா கமலாத்தாளும் அவருமாகத் தோட்டத்து வீட்டில் இருந்தார்கள். பக்கத்து வீடு என்று ஒன்று கிடையாது. சத்தம் போட்டுக் கூப்பிட்டால் தென்னை மரந்தான் கேட்கும். மூன்று வருசத்துக்கு முன்னால் கமலாத்தாளும் போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து மோகனசுந்தரம் தனியாள்.

தனியாள் என்று சொல்வது சுலபம். ஒருத்தருக்கு மட்டும் உலை வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். கள்ளு இறக்க வருகிற ஆள் வந்தால் ரெண்டு வார்த்தை, தேங்காய் எடுக்க வருகிற வியாபாரி வந்தால் நாலு வார்த்தை. மற்ற நாளெல்லாம் டீவிதான் பேசும். ஒரே தங்கச்சி நர்மதா பொள்ளாச்சிக்கு இந்தப் பக்கம் வாக்கப்பட்டிருந்தாள். ரொம்ப தூரமில்லை, ஒரு பஸ். ஆனாலும் சோலி இல்லாமல் எப்படிப் போவது? ஒரு தடவை போய்ப் பார்த்தார். தங்கச்சியின் மாமியார் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "என்ன சோலியா வந்தீங்க?" என்று கேட்டாள். சும்மாதான் வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. உரம் வாங்க வந்ததாகச் சொல்லி, வேண்டாத உரம் ஒரு மூட்டை வாங்கிக்கொண்டு திரும்பினார். போனில் கூப்பிட்டாலும் "சாப்பிட்டீங்ளா" என்பதற்கு மேல் பேச்சு ஓடாது.

நல்லவேளையாக அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் நடுவில் ஒரு தகராறு இருந்தது.

தகராறு ஒரு தங்கக் காசைப் பற்றியது. அப்பா ஈஸ்வரமூர்த்தி ஒரு காலத்தில் ஷார்ஜாவில் தண்ணி லாரி ஓட்டியவர். திரும்பி வரும்போது அந்தக் காசைக் கொண்டுவந்தார். தங்கக் காசு என்றாலே ஒரு பவுன் என்று நினைத்துக் கையை நீட்டுகிறவர்களுக்கு அதை வைத்ததும் கை ஒரு பிடி தாழும். நிறத்திலும் கொஞ்சம் சிவப்பு. ஒரு பக்கம் தாடி வைத்த பெரிய மனுசன் தலை, மறுபக்கம் ஓடுகிற மான் ஒன்று. ஓரத்தில் என்னவோ வெளிநாட்டு எழுத்து, மானுக்கு ரெண்டு பக்கமும் வருசம். இவ்வளவும் இருந்ததே ஒழிய, அது எத்தனை ரூபாய், எத்தனை டாலர் என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை. வந்த வினையெல்லாம் இதனால்தான்.

கமலாத்தாள் அந்தக் காசுக்குத் தோதாக ஒரு தங்க வளையம் செய்துவைத்திருந்தாள். தீபாவளி, பொங்கல் மாதிரி நோம்பி நாளில் காசை வளையத்துக்குள் வைத்து அழுத்தி, சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொள்வாள். நோம்பி முடிந்தால் காசை நெம்பி எடுத்துத் துணியில் சுற்றி எங்காவது ஒளித்துவிடுவாள். அவள் சாகும்போது சங்கிலி கழுத்தில் கிடந்தது, வளையம் காலியாக இருந்தது. கொஞ்ச நாள் கழித்துத் துவரம்பருப்பு டின்னுக்குள் கைவிட்டபோது மோகனசுந்தரத்துக்குக் காசு கிடைத்தது.

சட்டம் என்ன சொல்கிறதோ தெரியாது, அவர்கள் வீட்டு ஞாயம் இதுதான்: தாய் கழுத்து நகை மகளுக்கு, தாய் கைக்காசு மகனுக்கு. பதினாறாம் நாள் சங்கிலியும் வளையலும் தோடும் நர்மதாவுக்குப் போய்விட்டன. மிச்சமிருந்த இந்த மான் போட்ட சாமான் நகையா, காசா? நகை என்றால் தங்கச்சிக்கு, காசு என்றால் அண்ணனுக்கு.

"காசுன்னா எத்தனைன்னு எழுதியிருக்கோணுமில்லீங்ணா? அஞ்சு ரூவாக் காசுலகூட அஞ்சுன்னு போட்டிருக்குது. ஒண்ணுமே போடாம மான் ஓடுச்சுன்னா அது நகைதானுங்ணா" என்பாள் நர்மதா.

"அம்முணி, நகைன்னா லட்சுமி இருக்கும், பூ இருக்கும். தாடிக்காரன் மூஞ்சிய எவன் நகைல அடிப்பான்? தலை போட்டா அது காசு."

"அம்மா கழுத்துல போட்டிருந்தாங்கள்ல?"

"சாகறப்ப போட்டிருக்கலையே."

எங்கள் பக்கத்துச் சண்டையில் ஒரு வசதி உண்டு. கழுத்தைப் பிடித்தாலும் 'ங்க' போட்டுத்தான் பிடிப்பார்கள். நர்மதா ரெண்டு மாசத்துக்கு ஒரு தரமாவது பஸ் ஏறி வந்துவிடுவாள். அவளுக்கும் ரோசம் இருந்தது. கல்யாணம் காட்சிக்கு அந்தச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு போனால், "என்னடி இது, கண்ணில்லாத மூஞ்சியாட்டம் வளையம் சும்மா தொங்குது?" என்று பெண்கள் கேட்கிறார்களாம். வந்தவள் வாசலிலேயே ஆரம்பிப்பாள். வாய் பாட்டுக்குச் சண்டை போடும், கை பாட்டுக்கு வேலை செய்யும். தலையணை உறையைக் கழற்றித் துவைப்பாள், பிசுக்கேறிய டப்பாக்களைக் கழுவிக் கவிழ்ப்பாள், அண்ணனுடைய கிழிந்த லுங்கியைத் தூக்கிக் காட்டி, "இதையக் கட்டிக்கிட்டா வெளிய போறீங்க?" என்று திட்டுவாள். அவர் போட்ட கொள்ளுப் பருப்பைத் தின்றுகொண்டே அவரைக் கஞ்சன் என்பாள். பொழுதோடு முருங்கைக்கீரையும் நாலு தேங்காயும் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவாள். அவள் போன பிறகும் அந்தச் சத்தம் வீட்டுக்குள் சில நாள் கிடக்கும். மோகனசுந்தரம் அதை வைத்துக் காலத்தை ஓட்டுவார்.

இப்போது ஒரு விசயம் சொல்ல வேண்டும். அந்தத் தகராறு முடிந்து ஒரு வருசம் ஆகிவிட்டது. நர்மதாவுக்குத்தான் தெரியாது.

போன வருசம் மோகனசுந்தரம் காசை எடுத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறையில் ஒரு நகைக்கடைக்குப் போனார். பழைய தங்கம் எடுக்கிற மேஜையில் ரிஞ்சு என்கிற மலையாளப் பெண் இருந்தாள். அவள் காசை நிறுத்தாள், தங்கம் சோதிக்கிற மெஷினில் வைத்தாள், இது இன்ன நாட்டுக் காசு, காசேதான், நகை இல்லை என்று சொல்லிவிட்டாள். ஆக, ஞாயப்படி அது மோகனசுந்தரத்துக்கு. அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஜெயித்தாயிற்று என்று போனை எடுத்து தங்கச்சி நம்பரைப் போடப் போனார். போடவில்லை. சொன்னால் என்ன ஆகும்? "அப்புடீங்ளா, சரிங்ணா" என்பாள். அவள் முறை தெரிந்தவள், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். அப்புறம் எதற்கு வருவாள்? இதை நினைத்ததும் அவருக்குப் பொக்கென்று போய்விட்டது. காசை மறுபடியும் பருப்பு டின்னுக்குள் போட்டு மூடிவிட்டார்.

அன்றிலிருந்து அவர் புளுக ஆரம்பித்தார். "ஒருத்தன் செம்புங்கறான் அம்முணி, செவப்பா இருக்குதில்ல." அடுத்த தடவை, "பாலக்காட்டுல ஒரு பெரிய ஆசாரி இருக்காராம், அவருகிட்டக் காட்டோணும்." அதற்கடுத்த தடவை அந்த ஆசாரிக்குக் கண் ஆபரேசன். இல்லாத ஆசாரிக்கு ஆபரேசன் செய்த புண்ணியவான் மோகனசுந்தரம் ஒருத்தர்தான்.

இன்றைக்கும் அப்படி ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டுதான் பாய் விரித்துக் காத்திருந்தார். ஆட்டோ சத்தம் கேட்டது. நர்மதா எப்போதும் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருகிறவள். இன்றைக்கு ஆட்டோவை வாசலிலேயே நிறுத்திவைத்துவிட்டு இறங்கினாள்.

"காசை எடுங்ணா. கொழிஞ்சாம்பாறை நகைக்கடைக்குப் போலாம்."

"வந்ததும் வராததுமா என்ன அம்முணி? சாப்பிடு மொதல்ல. கொள்ளுப் பருப்பு..."

"அப்பறம் பாத்துக்கலாமுங்ணா. எங்க ஊட்டுக்காரரு கண்டிசனா சொல்லிட்டாங்க. இந்த ஓரியாட்டம் இன்னைக்கோட முடியோணும். முடியலீன்னா அந்தக் காசே வேண்டாம்னு உட்டுட்டு வந்துருன்னுட்டாங்க."

மோகனசுந்தரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். தோற்றாலும் முடிந்தது, ஜெயித்தாலும் முடிந்தது, விட்டுக்கொடுத்தாலும் முடிந்தது. மூன்று பக்கமும் சுவர். புதன்கிழமை கடை லீவு என்றார். வரும்போது திறந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்றாள். சித்தூரில் இதைவிடப் பெரிய கடை இருக்கிறது என்றார். ஆட்டோக்காரர் காத்துக்கொண்டிருக்கிறார் என்றாள். அவள் அன்றைக்குத் தலையணை உறையைப் பார்க்கவில்லை, லுங்கியைத் திட்டவில்லை. நின்ற வாக்கில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். அவர் பருப்பு டின்னுக்குள் கையை விட்டார்.

கொழிஞ்சாம்பாறையில் ஆட்டோ நின்றது அதே கடை வாசலில். வேறு கடை பார்க்கலாம் என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் நர்மதா படியேறிவிட்டாள். பழைய தங்கத்து மேஜையில் அதே ரிஞ்சு. மோகனசுந்தரம் தங்கச்சிக்குப் பின்னால் மறைந்தாற்போல நின்றார். ஆறடி ஆள், எங்கே மறைவது? ரிஞ்சு அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். வருகிறவர்களைப் பார்த்து அப்படிச் சிரிப்பது அங்கே வழக்கம் என்று நர்மதா நினைத்துக்கொண்டாள்.

உட்கார்ந்ததும் நர்மதா வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்தாள். "அவுங்களும் கேக்கட்டும். நாளைக்கு நான் ஒண்ணு சொல்லி, நீங்க ஒண்ணு சொல்லி, அந்தப் பேச்சே வேண்டாம்."

ரிஞ்சு காசை விரல் நுனியால் ஓரத்தைப் பிடித்து எடுத்தாள். தாடிக்காரரைப் பார்த்தாள், மானைப் பார்த்தாள். தராசில் வைத்தாள். முப்பத்து மூன்று கிராமும் தொள்ளாயிரத்துச் சொச்சம் மில்லியும் காட்டியது. அகலத்தையும் தடிமனையும் இடுக்கி வைத்து அளந்தாள். அப்புறம் மெஷினுக்குள் வைத்து மூடினாள்.

"இது சௌத் ஆப்பிரிக்கா அரசாங்கம் அடிச்ச தங்க நாணயம் சேச்சி. க்ரூகராண்ட்னு பேரு" என்றாள், தமிழும் மலையாளமும் கலந்து. "போலின்னா எடை குறையும். எடையச் சரிக்கட்டினா தடிமன் கூடிடும். இதுல ரெண்டும் கிருத்யம், கூடவும் இல்ல, குறையவும் இல்ல. தொள்ளாயிரத்துப் பதினாறு, நம்மள் இங்கே வாங்கற அதே மாற்று."

"செவப்பா இருக்குதுங்ளே? செம்புங்கறாங்களே?"

"செம்பு உண்டு. அது கலப்படம் அல்ல. காசு தேயாம இருக்கறதுக்காகச் சேர்த்தது. நாலேகால் பவுன் எடை உண்டு. இன்னைக்கு விலைக்கு நாலு லட்சத்தை ஒட்டி வரும். எங்க கடையில எடுத்தா உருக்கற விலைதான் தருவாங்க. காசாவே வாங்கற ஆள் கிடைச்சா கொஞ்சம் கூடும். சும்மா புளி போட்டு விளக்கிடாதீங்க."

நர்மதா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அதெல்லாஞ் சரிங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இது நகைங்ளா, காசுங்ளா? இதுல எத்தனைன்னு வெலையே போடலீங்ளே?"

"வேணும்னுதான் போடல. அன்னன்னைக்குத் தங்கம் என்ன விலையோ அதுதான் இதோட விலை. ஆனா அந்த நாட்டுல சட்டப்படி இது நாணயம்தன்னெ. ஆபரணம் அல்ல சேச்சி."

போனுக்குள் ஒரு பெருமூச்சு கேட்டது. "அப்ப அது மச்சானுக்குத்தான். ஞாயம்னா ஞாயம். உட்டுட்டு மத்தியானப் பஸ்ஸுக்கு வந்து சேரு" என்றது குரல். போன் அணைந்தது.

மூன்று வருசத்துத் தகராறு, ஒரு டீ ஆறுகிற நேரத்தில் முடிந்துவிட்டது.

ரிஞ்சு காசைத் துடைத்து மோகனசுந்தரத்தின் கையில் கொடுத்தாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல், வெறும் விளையாட்டாகக் கேட்டாள்: "போன வருஷம் சேட்டன் கொண்டு வந்தப்பவும் இதைத்தானே நான் பறஞ்ஞது? மெஷின் மேலே சேட்டனுக்கு நம்பிக்கை வரலையா?"

நர்மதா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள் விறுவிறுவென்று முன்னால் போனாள். அவர் ரெண்டடி பின்னால் நடந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்ணா, எனக்கு ஒண்ணும் புரியல. உங்க பக்கந்தான் ஞாயம்னு போன வருசமே தெரிஞ்சுபோச்சு. ஏமாத்தறவன் அடுத்தவன் பக்கம் ஞாயம் இருந்தா மறைப்பான். நீங்க எதுக்குங்ணா உங்க ஞாயத்தையே மறைச்சீங்க?"

மோகனசுந்தரம் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார். கண் ஆபரேசன் ஆசாரியெல்லாம் அந்த நேரம் உதவிக்கு வரவில்லை.

"சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்டியே அம்முணி" என்றார் கடைசியில். "நீ வந்தா அந்த ஊட்டுல ரெண்டு குரல் கேக்குது. இல்லீன்னா என்ர குரல் எனக்கே மறந்து போவுது. அதுக்காகத்தான். காசுக்காக இல்ல, சாமி சத்தியமா."

நர்மதா அழுவாள் என்று அவர் நினைத்தார். கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பேனே என்பாள் என்றுகூட நினைத்தார். அவள் அப்படிப்பட்ட பொய்யைச் சொல்லவில்லை.

"நெசந்தானுங்ணா. சும்மா கூப்புட்டிருந்தா நான் வந்திருக்க மாட்டேன்" என்றாள். "வரக்கூடாதுன்னு இல்ல. அண்ணனைப் பாக்கப் போறேன்னா, அண்ணனுக்கு என்ன, நல்லாத்தானே இருக்காருங்கறாங்க. மாடு கறக்கோணும், மாமியாளுக்கு முட்டி வலி, பையன் காலேஜ்ல இருந்து வருவான். தங்கக் காசு வெசயம்னா மட்டும் போயிட்டு வாங்கறாங்க. பஸ்ஸுக்கும் குடுத்து உடறாங்க. இந்தக் காசு இருந்ததுனாலதான் எனக்கும் என்ர பொறந்த ஊட்டைப் பாக்க முடிஞ்சுது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் நகைக்கடை இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செம்புன்னு நீங்க சொன்னப்ப எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சுங்ணா. இன்னும் கொஞ்ச நாளைக்கு ஓடும்னு."

"அப்ப ஒண்ணு செய்வோம்" என்று அவர் அவசரமாகப் பையிலிருந்து காசை எடுத்தார். "இதைய நீயே வெச்சுக்க. அண்ணன் சீரா நெனச்சுக்க."

"வேண்டாமுங்ணா." அவர் விரல்களை மடக்கிக் காசை அதற்குள்ளேயே வைத்து மூடினாள். "போன்ல அவுங்க கேட்டுட்டாங்க. இனி இதைய நான் எடுத்துட்டுப் போனா, அண்ணங்கிட்ட எரந்து வாங்கிட்டு வந்தாள்னு மாமியா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா. அம்மா ஞாயம் அம்மா ஞாயமாவே இருக்கட்டும். நீங்களே வெச்சுக்குங்க."

"நோம்பிக்கு வருவீல்ல?"

அவள் எழுந்து போய் டீக்குக் காசு கொடுத்தாள். பொள்ளாச்சி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கோபாலபுரம், பொள்ளாச்சி என்று கத்தினார். நர்மதா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். அவள் கையை வெளியே நீட்டி அவர் தோளில் கிடந்த துண்டைச் சரி செய்தாள்.

"போறேனுங்ணா" என்றாள்.

எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். உப்பு வாங்கக் கடைக்குப் போகிறவன்கூடப் போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்வான். வருகிறேன் என்ற வார்த்தை இல்லாமல் எழுந்து போவது இழவு வீட்டிலிருந்து மட்டும்தான். அவள் கோபத்தில் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. இதற்கு மேல் அண்ணனும் தங்கச்சியும் ஒருத்தருக்கொருத்தர் பொய் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று அவள் நினைத்திருக்கிறாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"சரி அம்முணி" என்றார்.

பஸ் நகர்ந்து, கோபாலபுரம் ரோட்டில் திரும்பி மறைந்தது. நாலேகால் பவுன் தங்கம் சட்டைப் பையை இழுத்துக்கொண்டு தொங்கியது. மனுசன் ஞாயமாக ஜெயித்த சொத்து. இனி யாரோடு சண்டை போடுவது என்று தெரியாமல், மோகனசுந்தரம் அந்த பஸ் ஸ்டாண்டிலேயே ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார்.